மாத மளிகை: நாலு கடை விலையை ஒப்பிடும் முறை

எந்த சூப்பர் மார்க்கெட்டில் மலிவு என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். டிமார்ட் என்பார் ஒருவர், ரிலையன்ஸ் ஸ்மார்ட் என்பார் இன்னொருவர். அண்ணாச்சி கடையை விட்டு எங்கும் நகராதவர்களும் உண்டு. மூன்று பேர் சொல்வதும் அவரவர் வீட்டுக்குச் சரியாகவே இருக்கலாம். மாதம் 26 கிலோ அரிசி பொங்கும் வீட்டுக்கும், இரண்டே பேர் இருந்து பாதி நாள் வெளியில் சாப்பிடும் வீட்டுக்கும் மலிவான கடை ஒன்றாக இருக்காது. அதனால் கடைக்குக் கிளம்புமுன் உங்கள் வீட்டு மளிகை லிஸ்ட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

லிஸ்ட்டை எழுதும் விதம்

கடந்த இரண்டு மாத பில்களைத் தேடி எடுங்கள். பில் இல்லையென்றால் ஒரு மாதம் டப்பா காலியாகும்போதெல்லாம் தேதியைக் குறித்து வாருங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் மாதத்துக்கு எவ்வளவு செலவாகிறது என்ற அளவு வேண்டும். வெறுமனே "எண்ணெய்" என்று எழுதினால் கடையில் போய் நிற்கும்போது குழம்பிவிடும். சூரியகாந்தி எண்ணெய், இன்ன பிராண்டு, மாதம் 4 லிட்டர் என்று எழுதுங்கள். அரிசியானால் பொன்னியா, புழுங்கலா, பச்சையா, பழசா, புதுசா என்பதும் சேர வேண்டும்.

எல்லாப் பொருளையும் ஒப்பிட வேண்டியதில்லை. மாதம் நூறு ரூபாய்க்கு மேல் போகிற பொருள்கள் இருபது, இருபத்தைந்துதான் தேறும். உப்பு, தீப்பெட்டி, கடுகு எல்லாம் எந்தக் கடையில் வாங்கினாலும் மொத்தத்தில் பெரிய வித்தியாசம் வராது. அவற்றுக்காக நாலு கடை ஏறி இறங்குவது வீண்.

ரேஷனில் வாங்குவதை முதலிலேயே கழித்துவிடுங்கள். தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். மாதம் மூன்று கிலோ பருப்பு செலவாகும் வீட்டில் ஒரு கிலோ ரேஷனில் வந்துவிட்டால், கடையில் ஒப்பிட வேண்டியது இரண்டு கிலோ விலையை மட்டும்தான். இதை மறந்து மூன்று கிலோவுக்குக் கணக்குப் போட்டால் பருப்பு மலிவான கடைக்கு இல்லாத மதிப்பு ஏறிவிடும்.

பிறகு லிஸ்ட்டை மூன்றாகப் பிரியுங்கள். சோப்பு, பற்பசை, பிஸ்கட், டீத்தூள் மாதிரி எந்தக் கடையில் வாங்கினாலும் ஒரே சரக்காக இருப்பவை முதல் வகை. அரிசி, பருப்பு, உளுந்து, புளி, மிளகாய் மாதிரி தரம் கடைக்குக் கடை மாறுபவை இரண்டாவது. காய், பழம் மூன்றாவது. மூன்றையும் ஒப்பிடும் முறை வேறு வேறு. பலருடைய கணக்கு தப்பாவது இங்கேதான்: முதல் வகைக்குப் பொருந்துகிற முறையை மூன்றுக்கும் வைத்துப் பார்க்கிறார்கள்.

எம்ஆர்பி-யை மறந்துவிடுங்கள்

எம்ஆர்பி என்பது எல்லா வரியும் சேர்த்து அதற்கு மேல் விற்கக் கூடாது என்ற உச்சவரம்பு. அதை அச்சடிப்பது தயாரிப்பாளரோ, பொதி செய்பவரோதான். அதை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்பது அவர் கையில் இருக்கிறது. ஆகவே "எம்ஆர்பி-யில் இத்தனை சதவீதம் தள்ளுபடி" என்பது விலையைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

ஓர் உதாரணம். (இங்கே வரும் விலைகள் கணக்கு விளங்குவதற்காக வைத்தவை, உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.) ஒரு பிராண்டு துவரம்பருப்பு எம்ஆர்பி 230, கடை விலை 170. தள்ளுபடி 26 சதவீதம். பக்கத்து ரேக்கில் இன்னொரு பிராண்டு எம்ஆர்பி 175, கடை விலை 162. தள்ளுபடி 7 சதவீதம். மஞ்சள் அட்டையில் பெரிதாக எழுதித் தொங்குவது முதல் பருப்பின் பெயர்தான். கையை விட்டுப் போவது என்னவோ எட்டு ரூபாய் கூடுதல்.

நோட்டில் எம்ஆர்பி-க்கு ஒரு பத்தியே வேண்டாம். பொருள், நிகர எடை, கடை விலை, கிலோவுக்கு எவ்வளவு என்ற நான்கு பத்திகள் போதும்.

கிலோ விலை எழுதுவதில் ஒரு சிக்கல் உண்டு. பாக்கெட்டின் மேல் "ஒரு கிராம் இவ்வளவு" என்று அலகு விலை அச்சிட வேண்டும் என்ற விதி 2022-ல் வந்தது. ஒரு கிலோவுக்குக் குறைந்த பொதிகளில் கிராமுக்கும், அதற்கு மேற்பட்டவற்றில் கிலோவுக்கும் போட்டிருப்பார்கள். பயனுள்ள விதிதான். ஆனால் அந்த அலகு விலை எம்ஆர்பி-யை வைத்துக் கணக்கிட்டது. கடைக்காரர் தரும் விலையை வைத்து அல்ல. ஒரே கடையில் இரண்டு பாக்கெட்டுக்கு வேறு வேறு தள்ளுபடி இருந்தால் அச்சிட்ட அலகு விலை உங்களைத் தவறான பாக்கெட்டிடம் கொண்டுபோய் நிறுத்தும். செல்போன் கால்குலேட்டரில் கடை விலையை எடையால் வகுத்துவிடுங்கள். 200 கிராம் என்றால் ஐந்தால் பெருக்குவது, 250 என்றால் நான்கால் பெருக்குவது எல்லாம் மனக்கணக்கிலேயே முடியும்.

அதே காலகட்டத்தில், இன்னின்ன எடையில்தான் பொதி செய்ய வேண்டும் என்ற பழைய கட்டுப்பாடும் போய்விட்டது. அதனால் இப்போது எண்ணெய்ப் பாக்கெட்டைக் கவனமாகப் பார்க்க வேண்டும். சமையல் எண்ணெய் தண்ணீரைவிட இலேசு. ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம் இருக்கும். பார்க்க அதே உயரம், அதே அகலம் உள்ள பாக்கெட்டில் 870, 850, 800 கிராம் எண்ணெய் வருவதும் உண்டு. 910 கிராம் 150 ரூபாய், 850 கிராம் 142 ரூபாய் என்று இரண்டு பாக்கெட் இருந்தால் கை தானாக 142-க்குப் போகும். நூறு கிராமுக்குப் போட்டுப் பாருங்கள்: முதலாவது 16.48, இரண்டாவது 16.71. எண்ணெயை எப்போதும் கிராமில்தான் ஒப்பிட வேண்டும். நல்லெண்ணெய் ரேக்கில் விளக்கெரிக்கும் தீப எண்ணெயும் வரிசையாக நிற்கும், விலையும் குறைவாக இருக்கும். அது சமையலுக்கு ஆகாது என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஐந்து, பத்து ரூபாய் பாக்கெட்டுகளில் விலை அப்படியே நிற்க, எடை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பிஸ்கட்டையும் மிக்சரையும் போன மாத விலையோடு ஒப்பிடுபவர்கள் போன மாத எடையையும் எழுதி வைத்திருந்தால்தான் கணக்கு நிற்கும். 2025 செப்டம்பர் 22-ல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட், நெய், வெண்ணெய் ஆகியவற்றின் ஜிஎஸ்டி 5 சதவீதமாக இறங்கியது. அதற்கு முந்தைய பில்களை விலை ஒப்பிட எடுக்காதீர்கள். மாத அளவு தெரிந்துகொள்ள மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது

எடை விலை சரியாக இருந்தும் ஏமாறும் இடங்கள் இரண்டு: குளியல் சோப்பு, காபித்தூள்.

சோப்பு உறையில் டிஎஃப்எம் என்று ஒரு சதவீதம் போட்டிருக்கும். சோப்பில் உள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு அது. குறைந்தது 76 இருந்தால் முதல் தரம், குறைந்தது 70 இருந்தால் இரண்டாம் தரம், குறைந்தது 60 இருந்தால் மூன்றாம் தரம். டிஎஃப்எம் குறைவான சோப்பு தண்ணீர் பட்டதும் சீக்கிரம் கொழகொழத்துக் கரைந்துபோகும். 60 சதவீத சோப்பு நூறு கிராம் 36 ரூபாய், 76 சதவீத சோப்பு நூறு கிராம் 38 ரூபாய் என்று வைப்போம். முதலாவதில் கிராம் கொழுப்புக்கு 60 பைசா கொடுக்கிறீர்கள், இரண்டாவதில் 50 பைசா. இரண்டு ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதுதான் இங்கே சிக்கனம்.

காபித்தூளில் சிக்கரி எவ்வளவு என்று உறையில் போட்டே ஆக வேண்டும். சிக்கரி கலந்த தூளில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும் என்பது விதி. 200 கிராம் பாக்கெட், 60க்கு 40 கலவை 120 ரூபாய். 80க்கு 20 கலவை 150 ரூபாய். முதலாவதில் காபி 120 கிராம், அதாவது கிராம் ஒரு ரூபாய். இரண்டாவதில் 160 கிராம், கிராம் 94 பைசா. டிகாக்‌ஷன் கெட்டியாகவும் கருப்பாகவும் இறங்க வேண்டும் என்பவர்கள் சிக்கரியை விரும்பியே வாங்குவார்கள். அது நாக்கின் விஷயம்; கணக்கு அதில் தலையிடாது.

கடையின் சொந்த பிராண்டு பருப்பு, சர்க்கரை, ரவை பற்றிப் பலருக்குத் தயக்கம். பாக்கெட்டின் பின்னால் பொதி செய்தவர் பெயரும் 14 இலக்க உணவு உரிம எண்ணும் இருக்கும். பக்கத்தில் உள்ள விளம்பரப் பிராண்டின் பின்பக்கத்தோடு வைத்துப் பாருங்கள். சில நேரம் இரண்டும் ஒரே ஆலையில் பொதி செய்தவையாக இருக்கும். அப்படி இல்லாவிட்டாலும், அரைக்கிலோ வாங்கிச் சமைத்துப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

அரிசி, பருப்பு, உளுந்து

பட்ஜெட்டில் பெரும்பகுதி இங்கேதான் போகிறது. கடையில் ஒட்டியிருக்கும் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாத இடமும் இதுதான். கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

அரிசியில் முதலில் மூட்டை எடையைப் பாருங்கள். 25 கிலோ வரை பொதி செய்து பெயரிட்ட அரிசிக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அதற்கு மேல் கிடையாது. 26 கிலோ மூட்டை கடைகளில் வந்து இறங்கிய கதை இதுதான். 25 கிலோ 1500 என்றால் கிலோ 60. 26 கிலோ 1540 என்றால் கிலோ 59 ரூபாய் 23 பைசா. சூப்பர் மார்க்கெட்டின் 5 கிலோ, 10 கிலோ பைகளை அரிசி மண்டி மூட்டையோடு ஒப்பிடும்போது இந்த வரியும் விலைக்குள் ஒளிந்திருக்கிறது என்பதை மனதில் வையுங்கள். மண்டியில் மூட்டை எடுத்தால் வீட்டுக்குக் கொண்டுவந்து போடுவார்களா என்றும் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது நொய். நூறு கிராம் அரிசியைத் தட்டில் பரப்பி உடைந்ததைத் தனியே ஒதுக்கி நிறுத்துப் பாருங்கள். பத்து கிராம் வந்தால் பத்து சதவீதம் நொய். அந்த அரிசி கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது என்று மகிழ ஒன்றுமில்லை. பழைய அரிசி தண்ணீர் அதிகம் இழுக்கும், சோறு உதிரியாக வரும், அளவும் கூடக் காணும். புது அரிசி குழையும். ஒரே பெயர், ஒரே மூட்டை நிறம், ஆனால் விலையில் நாலைந்து ரூபாய் வித்தியாசம் என்றால் பெரும்பாலும் காரணம் இந்தப் பழசு, புதுசுதான். இரண்டு கடை அரிசியிலும் கால் கிலோ வாங்கி, தனித்தனியாக வடித்து, சோற்றை நிறுத்துப் பாருங்கள்.

பருப்புக்குச் சுலபமான சோதனை ஒன்று உண்டு. ஒரே குக்கரில் இரண்டு கிண்ணம் வைத்து, இரண்டு கடைப் பருப்பையும் ஒரே அளவு, ஒரே தண்ணீர் வைத்து வேக விடுங்கள். இரண்டுக்கும் ஒரே விசில், ஒரே நெருப்பு. மூடியைத் திறந்தால் எது மசிந்திருக்கிறது, எது விறைத்து நிற்கிறது என்று தெரியும். வேகாத பருப்புக்கு நீங்கள் கேஸிலும் காசு கொடுக்கிறீர்கள். பளபளவென்று மின்னும் பருப்பு எண்ணெயிட்டு மெருகேற்றியதாக இருக்கும்; அந்த மினுமினுப்புக்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.

உளுந்தில் எல்லாமே மாவு காணுவதில் இருக்கிறது. இரண்டு கடை முழு உளுந்தையும் 200 கிராம் எடுத்து, ஒரே நேரம் ஊற வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கிரைண்டரில் ஆட்டி, ஒரே பாத்திரத்தில் அளந்து பாருங்கள். ஒன்று பொங்கி வரும், ஒன்று அடியிலேயே கிடக்கும். இட்லி மாவுக்கு நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போடுகிற வீட்டில், காணாத உளுந்து வாங்கினால் மூன்றுக்கு ஒன்று போட வேண்டி வரும். கிலோவுக்கு பத்து ரூபாய் மிச்சம் பிடித்தது அங்கேயே கரைந்துவிடும்.

புளி, மிளகாய், மல்லி ஆகியவற்றை மாதாமாதம் ஒப்பிடுவதைவிட வருடத்துக்கு ஒருமுறை ஒப்பிடுவது நல்லது. மாசி, பங்குனியில் புதுப் புளியும் புது மிளகாயும் சந்தைக்கு வரும்போது வாங்கி, வெயிலில் காயவைத்து எடுத்து வைக்கலாம். ரவை, மைதாவை அப்படி வாங்கிச் சேர்க்காதீர்கள். இரண்டு மாதத்தில் வண்டு வைத்தால், மலிவாக வாங்கியதில் பாதி குப்பைக்குப் போகும்.

காய், பழம்

காய்கறி விலை தினம் மாறுவதால் ஒரே நாள் காலையில் எடுத்த விலைகளை மட்டும் ஒப்பிடுங்கள். அருகில் உழவர் சந்தை இருந்தால் அங்கே எழுதிப் போட்டிருக்கும் அன்றைய விலைப்பலகையை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். 1999-ல் மதுரையில் முதல் சந்தை தொடங்கியதிலிருந்தே மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் நடுவில் விலை வைப்பதுதான் அங்கே வழக்கம்.

சமைக்க மிஞ்சும் எடைக்கு என்ன விலை என்பதுதான் காயில் கேள்வி. இலையும் தண்டுமாக 900 கிராம் காலிபிளவர் கிலோ 40 என்றால் 36 ரூபாய். நறுக்கினால் பூ 540 கிராம் தேறும். கிலோ கிட்டத்தட்ட 67 ரூபாய் ஆகிவிட்டது. சுத்தம் செய்து கிலோ 60-க்கு விற்கும் கடையில் வாங்குவதே மேல். மண் ஒட்டிய உருளைக்கிழங்கு, ஈரம் காயாத பல்லாரி வெங்காயம், வேரோடு வரும் கீரை எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். தெர்மாகோல் தட்டில் பிளாஸ்டிக் சுற்றி வைத்த காயானால் தட்டின் எடை கழிந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

கூட்டிப் பார்ப்பது

விலைகளை இரண்டு மூன்று நாளுக்குள் எடுத்து முடியுங்கள். முதல் வாரம் ஒரு கடை, மூன்றாம் வாரம் இன்னொரு கடை என்று எடுத்தால் ஒப்பீடு செல்லாது. ஒவ்வொரு பொருளின் கிலோ விலையையும் உங்கள் மாத அளவால் பெருக்கிக் கூட்டுங்கள். எத்தனை பொருளில் எந்தக் கடை மலிவு என்று எண்ணிப் பார்ப்பதில் அர்த்தமில்லை. ஷாம்பு 12 ரூபாய், பற்பசை 8, துணி சோப்புத்தூள் 7, குளியல் சோப்பு 6, பிஸ்கட் 5, பாத்திர சோப்பு 4, நூடுல்ஸ் 3 என்று ஏழு பொருளில் பெரிய கடை மலிவாக இருக்கிறது என்று வையுங்கள். மொத்தம் 45 ரூபாய் மிச்சம். அரிசி ஒன்றில் மட்டும் பக்கத்துக் கடை கிலோவுக்கு 3 ரூபாய் குறைவு. 26 கிலோவுக்கு 78 ரூபாய். ஏழு பொருளில் தோற்ற கடை மொத்தத்தில் 33 ரூபாய் முன்னால் நிற்கிறது.

போய்வரும் செலவையும் சேருங்கள். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் போக வர 16 கிலோமீட்டர் என்றால், பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் கணக்கில் 36 ரூபாய். ஆட்டோவில் போனால் மிச்சம் பிடித்தது பாதி வழியிலேயே தீர்ந்துவிடும். செல்போன் ஆப்பில் வாங்குபவர்கள் பொருள் பக்கத்து விலையைக் குறிக்காமல், பணம் கட்டும் கடைசித் திரைவரை போய் டெலிவரி, கையாளும் கட்டணம், சிறிய ஆர்டருக்கான கட்டணம் எல்லாம் சேர்ந்த தொகையைக் குறிக்க வேண்டும். பொருளில் 20 ரூபாய் குறைத்து, கட்டணமாக 35 ரூபாய் வாங்கினால் அது 15 ரூபாய் கூடுதல்தானே.

இன்னொரு வரி நோட்டில் கட்டாயம் வேண்டும்: லிஸ்ட்டில் இல்லாமல் வண்டியில் ஏறியவை. பெரிய கடையின் விலைக்குறைப்பு உண்மையாகவே இருக்கும். பிளாஸ்டிக் டப்பா செட்டும் சாக்லேட் பெட்டியும் அதைத் தின்றுவிடும். பில்லில் அவற்றை வட்டமிட்டுத் தனியே கூட்டுங்கள். மூன்று மாதம் தொடர்ந்து அந்தத் தொகை மிச்சத்தைவிடப் பெரிதாக வந்தால், உங்களுக்கு மலிவான கடை எது என்ற கேள்விக்குப் பதில் வேறு. "மூவாயிரத்துக்கு மேல் வாங்கினால் சர்க்கரை ஒன்பது ரூபாய்" வகைச் சலுகைகளும் இதே ரகம். லிஸ்ட் 2,600-ல் முடிகிற வீட்டுக்கு அந்தச் சர்க்கரையின் விலை 409 ரூபாய்.

கணக்கு முடிந்ததும் பெரும்பாலான வீடுகளில் ஒரே கடை வெல்லாது. அரிசி மண்டியில், பருப்பும் மிளகாயும் தெரு மளிகையில், சோப்பு, பிஸ்கட் வகையறா இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பெரிய கடையில், காய் சந்தையில் என்று பிரியும். இரண்டு கடைக்கு மேல் பிரிக்க நேரம் இல்லையென்றால் அரிசியையும் எண்ணெயையும் மட்டும் சரியான கடைக்கு மாற்றுங்கள்.

பில் போடும் இடத்தில்

மேலே சொன்ன கணக்கெல்லாம் கவுன்டரில் கெட்டுப்போக வழி இருக்கிறது. ரேக்கில் ஒட்டிய விலை பழசாகவும் கம்ப்யூட்டரில் உள்ள விலை புதுசாகவும் இருக்கலாம். "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" பொருள் இரண்டுக்கும் பில் விழலாம். சலுகை குறிப்பிட்ட எடைக்கு மட்டும் என்றிருக்க, நீங்கள் எடுத்தது பக்கத்து எடையாக இருக்கலாம். ஒரே பாக்கெட் இரண்டு முறை ஸ்கேன் ஆவதும் சகஜம். ஆகவே சலுகைப் பொருள்களின் ரேக் விலையைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அவற்றைக் கடைசியாக ஸ்கேன் செய்யக் கொடுங்கள், பில்லின் அடி வரிசையிலேயே சரிபார்த்துவிடலாம். இலவசப் பாக்கெட்டின் பயன்பாட்டுத் தேதியையும் அங்கேயே பாருங்கள். பை கொண்டுபோகவில்லை என்றால் பைக்கும் பில் விழும்.

உதிரியாக நிறுத்துத் தரும் இடத்தில் பையோ டப்பாவோ வைத்தபின் தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் பொருளைப் போடச் சொல்லுங்கள். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கொருமுறை முத்திரை வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறையின் கீழ் உள்ள எடையளவு ஆய்வாளர்கள். எம்ஆர்பி-க்கு மேல் வாங்கினாலோ, எடை குறைந்தாலோ முதலில் கடையின் வாடிக்கையாளர் சேவைக் கவுன்டரில் கேளுங்கள். அங்கே தீராவிட்டால் பில்லையும் பாக்கெட்டையும் படம் எடுத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குச் சொல்லலாம். பாக்கெட்டைப் பிரிக்காமல் வைத்திருங்கள். பிரித்த பாக்கெட்டின் எடையை யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.